மார்மலேட் நீராடிய படலம்

யார்க்ஷயர் மழையில் முப்பதாண்டு பேருந்து ஓட்டி ஓய்ந்தோனும், ஹாலிஃபாக்ஸ் எலி அழகுப் போட்டியில் ஆண்டு தவறாமல் நான்காமிடம் கொள்ளும் நற்பெருமையனும், முழங்கை வரை ரப்பர் உறையெனும் கவசம் பூண்டோனுமாகிய டெஸ்மண்ட் வாழ்க! அவன் மனையாள் வின்னியின் பொறுமை அவனினும் நீடு வாழ்க!

மறுநாள் ஞாயிறு, போட்டி. பாலாடை நிறத்துப் பெண்ணெலி மார்மலேட்டுக்கு இம்முறை முதற்பரிசு ரிப்பன் உறுதியென அவன் கட்டிய கோட்டையில், சனி மதியம், பேன் ஊர்ந்தது. வாயிற்பரிசோதகர் ரோமம் கோதி ஒரு பேனைக் கண்டாலும் எலியையும் எசமானையும் சேர்த்தே வெளியேற்றுவார்.

ஆதலின் வின்னி கிழங்கு கழுவும் தொட்டியை அவளைக் கேளாமலே போர்க்களமாக வரித்து, வெந்நீர் பெய்து, முழங்கையால் சூடு பார்த்து, பேன்மருந்து நுரை பொங்க, "இன்றோடு ஒழிந்தது உம் குலம்!" எனப் பகைவர்க்கு முழங்கி, களிற்றை ஆற்றில் இறக்கும் பாகனென மார்மலேட்டை நீரில் இறக்கினான். களிறு என்றது உவமைக்கு. எடை முந்நூறு கிராம். இறங்கிய கணமே அவள் அவன் கையை ஏணியாக்கி, தோள் கடந்து, வழுக்கை உச்சியில் கொடி நாட்டி, அங்கேயே சிறுநீரும் கழித்தாள். மும்முறை இறக்கினான்; மும்முறை ஏறினாள். திரைச்சீலை நனைந்தது, தேநீரில் நுரை வீழ்ந்தது, காதில் விழுப்புண் பெற்றும் புறமுதுகு காட்டாத வீரன், நான்காம் முறை அவளைத் தேய்த்தே விட்டான்.

வாசலில் நின்று பார்த்த வின்னி கேட்டாள்: "அந்தத் தொட்டி இனி உன்னோடது, டெஸ். அது கிடக்கட்டும், மஃபினை எப்போ குளிப்பாட்டப் போற?"

மஃபின், மார்மலேட்டின் கூண்டுத் துணையான அக்காள். வால் கோணியதால் போட்டிக்கு ஆகாதவள்.

"போட்டிக்கே போகாதவளுக்குக் குளியல் எதுக்கு?" என்று தீர்ப்புரைத்தான் டெஸ்மண்ட்.

எனினும் எலியைத் தனியே அடைத்தல் பெரும்பாவம் என்பது எலி வளர்ப்போர் அறம். அவ்வறத்தின் வழுவாத அண்ணல், துவட்டி, உலர்த்தி, மணக்க மணக்க அவளை அக்காளின் பழங்கம்பளியிலேயே கொண்டுசேர்த்து, இருவரும் கட்டிக்கொண்டு துயிலும் அழகில் கண் கசிந்து, ரிப்பன் தொங்கவிடச் சுவரில் ஆணியும் அறைந்தான்.

ஞாயிறு காலையில் பார்த்தால் இரண்டும் சொறிந்துகொண்டிருந்தன.