தண்ணீர் ஏறாத வீடு

சேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம், பினாங்கு.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர நாள் எண்ணிக்கொண்டிருக்கும் அருமை மருமகள் ஷார்லினுக்கு, கோப்பிக் கோப்பையைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத உன் தாய்மாமன் ஹென்றி விடுக்கும் திருமுகம். இங்கு யாவரும் நலம். வயிற்றுக்குள் உதைக்கும் ராஜாவின் நலமறிய ஆவல். இனி நான் சொல்லப்போவதை உலகில் ஒரு ஜீவனும் நம்பாது என்று புனித அந்தோணியார் மேல் கைவைத்து வாக்களிக்கிறேன்.

"அம்மா வீடு முடிஞ்சிருச்சா? தண்ணி வருதா? பச்சைப் பிள்ளையோட வந்து இருக்கலாமா?" என்று கேட்டிருந்தாய். முடிந்தது, தாயே! போன மழையில் மலை சரிந்து உன் அம்மா அமலம்மாளின் வீட்டை அள்ளிக்கொண்டு போனதல்லவா, அதற்குப் பழிவாங்க அரசாங்க எஞ்சினியர் ஃபிக்ரி புது வீட்டைத் தூண்மேல் ஏற்றி வைத்துவிட்டார். எவ்வளவு உயரம் என்கிறாயா? பாயான் லெப்பாஸில் இறங்கவேண்டிய விமானம் நம் வாசலில் நின்று வழி கேட்டது. இனி வெள்ளம் வந்தாலும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "முடியாதுலா" என்று திரும்பிப் போகும்.

ஆனால் பார், வெள்ளம் ஏறாத உயரத்துக்குக் குழாய்த் தண்ணீரும் ஏறமாட்டேன் என்கிறது. "என்ன தம்பி, காத்துதானே வருது?" என்றேன். "அங்கிள், வீட்டு பிளான் பாஸ். பைப் பிளானும் பாஸ். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறது வேற டிபார்ட்மெண்ட்லா" என்றார் ஃபிக்ரி. அந்த டிபார்ட்மெண்டும் வந்தது, குழாயில் காதை வைத்துக் கேட்டது, "பம்ப் வேணும்" என்று தலையாட்டியது, உன் அம்மா சுட்ட வடையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. அப்புறம் திறப்பு விழா. பெரிய மனிதர் ஒருவர் ரிப்பன் வெட்டிக் குழாயைத் திறக்கவேண்டும், தொட்டியை நிரப்பவேண்டிய தண்ணி லோரியோ பாலத்து ஜாமில் மாட்டிக்கொண்டது. கூரைத் தொட்டியருகே நின்ற நான் என்ன செய்வேன்? புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவில் உன் அம்மா பிடித்துவந்து, உன் பிரசவத்துக்கென்று பொத்திவைத்த தீர்த்தப் போத்தல்களைத் தொட்டியில் கவிழ்த்தேன்! பெரிய மனிதர் அதில் முகம் கழுவினாரா, உடனே உண்மை பேசும் வியாதி பிடித்துக்கொண்டது. மைக்கைப் பிடுங்கி, "பம்ப் போட மறந்துட்டோம்!" என்று அழுதார். அதிகாரிகள் ஒரு துளி மேலே பட்டுவிடாமல் குடை விரித்துக்கொண்டு ஓடினார்கள். மறுநாளே பம்ப் வந்தது. இப்போது குழாயைத் திறந்தால் அருவி. தைரியமாய் வா.

அந்தோணியார் சுகப்பிரசவம் அருள்வாராக. மாப்பிள்ளை டெரிக்குக்கு என் ஆசீர்வாதமும், அவர் கார் டிக்கியில் கொஞ்சம் இடம் வைக்கும்படி என் விண்ணப்பமும்.

பி.கு.: விமானம், அழுத பெரிய மனிதர், பம்ப் எல்லாம் புளுகு. தீர்த்தப் போத்தல்கள் பத்திரம். குழாயில் தண்ணீர் ஏறாதது மட்டும் நிஜம். டிக்கியில் வாளிகள் வாங்கிப் போட்டுக்கொண்டு வா. "பேசாம ஷார்லின் என் பிளாட்டுக்கு வரட்டுமே" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "என் பொண்ணு என் வீட்டுக்குத்தான் வருவா. நீ வாயை மூடுண்ணே" என்றுவிட்டு, அவள் கீழ்க்குழாயில் பிடித்துப் பிடித்துப் படியேறித் தொட்டியை நிரப்புகிறாள். நீ வரும்போது ததும்பும். அவள் பின்னால் இரண்டு கையிலும் வாளியோடு மூச்சிரைக்க ஏறுவது யார் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.