வயர்க்காரர் பூக் கேட்டு வைத்த பெயர்

வயர்க்காரரைப் போல என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவில் இன்னொருவர் பிறக்கவில்லை. கம்ப்யூட்டர்களை வயரால் இணைப்பது அவர் தொழில். வேலை சுத்தம். ஆனால் முருகன் உத்தரவு கொடுக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருக மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. சென்னிமலை பெட்ஷீட்டை ஜெர்மனிக்கு அனுப்பும் தொழிலை சரவணம்பட்டி வீட்டில் இருந்தே நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். இணைக்க வந்தவர் மூன்றுக்கும் பெயர் வைத்தார். முன்னறையில் வள்ளி, மாடியில் தெய்வானை, இமெயில் எல்லாம் போய் வரும் நடுக் கம்ப்யூட்டர் முருகன். அதோடு விட்டாரா?

"ஏனுங்க அம்மணி, மூணுக்கும் சேத்து ஒரு குடும்பப் பேர் வேணுமுங்க. கடைசீல டாட் காம்னு வரோணும்."

"எதையாவது வெச்சுத் தொலைங்க."

"அப்படிச் சொல்லப்படாதுங்க. பூக் கேட்டுப்போடலாம்."

கோயிலில் கல்யாணத்துக்குக் கேட்பது போல, பெயர் எழுதிய சீட்டை முருகன் படத்தின் முன்னால் வைத்து, படத்தின் உச்சியில் பூவை வைத்தார். வலது பக்கம் விழுந்தால் சம்மதம். என் வீட்டுப் பெயருக்கு இடது. அவருடைய குலதெய்வத்தின் பெயருக்கும் இடது. மேசையில் ஜெர்மன்காரரின் விசிட்டிங் கார்டு கிடந்தது. அதைப் பார்த்து அந்தக் கம்பெனியின் இன்டர்நெட் பெயரை அப்படியே எழுதினார். பூ வலது பக்கம் விழுந்தது.

"அது அடுத்தவன் பேருங்க."

"நம்ம ஊட்டுக்குள்ள நாம என்ன பேர் வெச்சா அவனுக்கென்னங்க?"

அடுத்த வாரம் ஜெர்மன்காரர் போனில் கத்தினார். விலைப்பட்டியல் வரவில்லையாம். அன்று மாலைக்குள் வராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. நான் இமெயிலில் ஐந்து முறை அனுப்பியிருந்தேன். சென்னிமலையில் நாற்பது தறி அந்த ஆர்டருக்காகக் காத்திருந்தது.

வயர்க்காரரை வரவழைத்தேன். தேடினார். ஐந்து கடிதமும் முருகனிடமே இருந்தன. ஜெர்மன் கம்பெனியின் பெயர் எங்கள் குடும்பப் பெயராகிவிட்டதால், அந்த முகவரிக்குப் போகிற எல்லாவற்றையும் நம் வீட்டுக் கடிதம் என்று முருகன் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

"உங்களக் கொன்னுபோடுவனுங்க" என்றேன்.

"கொல்லுங்க அம்மணி. ஆனா சாமி குடுத்த பேர நானா மாத்த மாட்டனுங்க. மறுக்கா பூக் கேக்கோணும்."

இம்முறையும் சீட்டில் என் வீட்டுப் பெயர். பூ விழவில்லை. அரை மணி நேரம். ஒரு மணி நேரம். ஃபேன் போடக் கூடாதாம். வியர்வையில் நனைந்துகொண்டு நின்றேன். மணி நாலு. அவர் கண்ணை மூடிக் கைகூப்பிய நேரம் பார்த்து மேசைக் காலில் ஓங்கி ஓர் உதை விட்டேன். பூ வலது பக்கம் விழுந்தது.

கண்ணைத் திறந்தார். பூவைப் பார்த்தார். வீங்கத் தொடங்கியிருந்த என் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"சாமி உத்தரவு குடுத்துருச்சுங்க."

பத்தே நிமிடத்தில் பெயரை மாற்றினார். கடிதம் போனது. ஆர்டர் கிடைத்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "காலுக்கு ஐஸ் வெய்யுங்க அம்மணி" என்றார்.

வயர்க்காரர் இப்போது இல்லை. போன மாதம் வீட்டில் புது இன்டர்நெட் பெட்டி மாட்டினோம். டிவி, போன், கேமரா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் கேட்டது. அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே படத்தின் மேல் ஒரு பூவை வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். அது விழும் வரை மேசையைத் தொடவில்லை.