மலையாண்டி வீட்டு வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு

சந்தியாகப்பர் துணை

தங்கச்சிமடம்,
தடைக்காலம், திங்கட்கிழமை

மஸ்கட்டில் வாழும் அன்பு மைத்துனன் ஆன்டோவுக்கு, உன் அக்கா ஜோதிமேரியின் வீட்டுக்காரன் கில்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். படகு கரையில் சுகம். வலை, நண்டு கடித்த ஓட்டைகளோடு சுகம். சுகமில்லாதது என் மனசு ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது மச்சான் ஏன் பேப்பரில் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். போன வாரம் உனக்கென்று நினைத்து, "மாப்ள, மலையாண்டி வீட்டுல இருக்கிறதவிட ஒசத்தியா ஒரு கேம் பெட்டி வேணும், அவனுக்குத் தெரியக்கூடாது" என்று வாட்ஸாப்பில் பேசி அனுப்பினேன். அது விசைப்படகுக்காரர்கள் குழுவில் போய் விழுந்தது. முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவன், நம் தெருவிலேயே இன்னொரு விசைப்படகு வைத்திருக்கிற அந்த மலையாண்டி. அதனால்தான் பேப்பர். உன் ரூம் கூட்டாளி சஃபீர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

விஷயம் இதுதான். மீன்பிடித் தடை வந்தால் நம் படகு ஆட்கள் ஐந்து பேரும் காலையிலேயே வந்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். வலையின் ஓட்டைகளைப் பொத்துவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், உன் அக்கா போடும் டீயைக் குடித்துவிட்டு ஊர்வம்பு பேசுவார்கள். இந்த வருஷம் முதலில் இன்னாசி வரவில்லை, வயிற்றுவலி என்றான். மறுநாள் இன்னொருவனுக்கு மாமியார் வீட்டில் விசேஷம். கடைசியில் படகை ஓட்டுகிற வேல்ராஜே வரவில்லை. நான் ஒருத்தன் வலைக்கு நடுவில் மாட்டிய மீன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சரி, என்னதான் நடக்கிறது என்று தெருவில் நடந்தால், மலையாண்டி வீட்டு வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு. ஐந்தும் எனக்கு நன்றாகத் தெரிந்த செருப்பு. உள்ளே எட்டிப் பார்த்தேன். டிவியில் கால்பந்து ஓடுகிறது, வேல்ராஜ் கையில் ஒரு கன்ட்ரோலர், மலையாண்டி கையில் ஒரு கன்ட்ரோலர், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து வடை தின்கிறார்கள். மலையாண்டி என்னைப் பார்த்துத் திடுக்கிடக்கூட இல்லை. "வா கில்பர்ட்டு, பயலுவ அங்கன வெயில்ல காயிறானுவ, அதான் இங்கன வந்து வெளாடுங்கடான்னேன்" என்றான். எனக்கு அழுகையே வரும்போல இருந்தது, மாப்பிள்ளை. தடைக்காலம் முழுக்க அவன் வீட்டு வடையைத் தின்றவன் தடை முடிந்த அன்று யார் படகில் ஏறுவான்? வேல்ராஜ் இல்லாமல் நான் கடலுக்குப் போனதே இல்லை. வேறு ஆளை வைத்து ஓட்டவும் எனக்கு மனசு வராது.

ஆகவே நாமும் ஒரு பெட்டி வாங்கிவிடுவது என்று முடிவு செய்து ராமநாதபுரம் போனேன். கடைக்காரர் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச் என்று மூன்று பெயர் சொன்னார். இன்ஜின் வாங்கும்போது கேட்கிற கேள்விகளைத்தான் நானும் கேட்டேன். உப்புக் காற்றுக்குத் தாங்குமா, ஸ்பேர் பாம்பனிலேயே கிடைக்குமா, நடுவில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுத்து வர யார் வருவார்கள். கடைசிக் கேள்வி வாய் தவறி வந்துவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் பேசினேன். உன் அக்கா, "அந்தக் காசுக்கு ஒரு இன்வெர்ட்டர் போடலாம், கரண்டு போனா பெட்டியையா விசிறிக்குவீங்க" என்றாள். பிறகு, படகுக்கு எந்தச் சாமான் வாங்கினாலும் ஆட்களைக் கேட்டு வாங்குவதுதானே வழக்கம் என்று, ஐந்து பேரையும் படகு நிழலில் கூட்டினேன். அங்கே ஆரம்பித்தது வினை. இன்னாசிக்கு ஸ்விட்ச்தான் வேண்டுமாம். "அண்ணே, அத டிவியிலயிருந்து கழட்டிக் கையிலயே வச்சு வெளாடலாம். வலைய விட்டுட்டுச் சும்மாதான உக்காந்திருக்கோம், கடலுக்கே கொண்டுபோயிரலாம்" என்றான். ஜிபிஎஸ்ஸைப் பார்க்க வேண்டிய கண் இதைப் பார்த்தால் படகு எந்த நாட்டில் போய் நிற்கும், எங்களை மீட்க யார் யாருக்கு மனுக் கொடுக்க வேண்டிவரும் என்று யோசித்தேன். ஸ்விட்ச் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். எக்ஸ்பாக்ஸ் எனக்குப் பிடித்திருந்தது. கறுப்பாக, குட்டி ஐஸ் பெட்டியை நிறுத்தி வைத்த மாதிரி அடக்கமாக இருக்கிறது, அதைவிட முக்கியம், மலையாண்டியிடம் அது இல்லை. ஆனால் வேல்ராஜ் தலையைச் சொறிந்தான். "அதுல பட்டனெல்லாம் வேற மாதிரி இருக்காம்ணே. எங்களுக்கு மலையாண்டி அண்ணே வீட்டு பிளேஸ்டேஷன்ல கை பழகிருச்சுல்ல" என்றான். புதிதில் கை பழகும்வரை பழைய பெட்டி இருக்கிற வீட்டுக்கே போய்விடுவார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஆக, பிளேஸ்டேஷன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்று வந்தது. கடலில் பிடித்த மீனுக்குப் பங்கு போடுகிற முறையிலேயே இதற்கும் போடுவோம் என்றேன். படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு உண்டல்லவா, அதுபோல டிவிக்கு ஒரு பங்கு, பெட்டிக்கு ஒரு பங்கு, கூடத்துக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. டிவியும் என்னது, பெட்டியும் என்னது, கூடமும் என்னது என்பதால் காலையிலிருந்து மாலைவரை நானே ஆட வேண்டியதாகக் கணக்கு வந்தது. எனக்கோ அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. படகை ஓட்டுகிறவனுக்கு எப்போதும் ஒன்றரைப் பங்கு என்று வேல்ராஜ் ஆரம்பித்தான். சொந்த வலை கொண்டு வருகிறவனுக்குத் தனிப் பங்கு தருவதுபோல, சொந்தக் கன்ட்ரோலர் கொண்டு வருகிறவனுக்கும் தர வேண்டும் என்றான் இன்னாசி. அதெல்லாம் முடியாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். வேல்ராஜ் எழுந்து வேட்டியைத் தட்டினான். "மலையாண்டி அண்ணே வீட்டுல பங்கெல்லாம் கெடையாதுண்ணே. தோத்தவன் எந்திரிக்கணும், அவ்வளவுதான். நாங்க போயிட்டு வாரோம்" என்று ஐந்து பேரும் போயே போய்விட்டார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, நீ அடுத்த மாதம் வரும்போது பிளேஸ்டேஷன் ஒன்று தவறாமல் வாங்கி வா. அதிலும் ஒரு சிக்கல். டிஸ்க் போட வாய் வைத்தது ஒன்று, வாய் இல்லாதது ஒன்று என்று இரண்டு இருக்கிறதாம். மலையாண்டியிடம் இருப்பதற்கு வாய் உண்டு என்கிறான் இன்னாசி, இல்லை என்கிறான் வேல்ராஜ். நாளைக் காலையில் ஏதாவது சாக்குச் சொல்லி அவன் வீட்டுக்குப் போய், ஒரே ஒரு நிமிஷம் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கீழே எழுதுகிறேன். அங்கே உட்கார மாட்டேன், டீயும் குடிக்க மாட்டேன். கில்பர்ட்டுக்கு ரோஷம் உண்டு என்று ஊருக்கே தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. ஞாயிறு பூசையை விடாதே. சந்தியாகப்பர் குதிரையோடு வந்து உன்னைக் காக்கட்டும். உன் அக்கா உன் தலையில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் மச்சான்,
கில்பர்ட்

பி.கு.: இன்று சனிக்கிழமை. இதை மலையாண்டி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், என் முறை வர இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது. பெட்டிக்கு வாய் உண்டா என்று குனிந்து பார்த்தபோது, "சும்மா ஒரு தடவ பிடிச்சுப் பாரு கில்பர்ட்டு" என்று மலையாண்டி கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிட்டான். நல்ல மனுஷன், நாம்தான் இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோம். வாய் இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. கடிதத்தை வாங்க வந்த சஃபீரும் என்னைத் தேடி இங்கே வந்தான், ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறேன் என்றான், டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டான். வாசலில் ஏழு ஜோடிச் செருப்பைப் பார்த்த உன் அக்கா, "ஆளப் பிடிப்பான்னு பாத்தா படகுக்காரரையே பிடிச்சுட்டானே" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே பெட்டி வேண்டாம். கன்ட்ரோலர் மட்டும் இரண்டு வாங்கி வா. சொந்தக் கன்ட்ரோலர் உள்ளவனுக்கு ஒரு ஆட்டம் கூடுதல் என்று நானே மலையாண்டியிடம் பேசி முடித்திருக்கிறேன். படகைப் பற்றிக் கவலைப்படாதே. தடை முடிகிற அன்று நான் மறந்துபோய் மலையாண்டி படகில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி வேல்ராஜிடம் கேட்டிருக்கிறேன். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏறுனா என்னண்ணே, நாங்களும் அங்கனதான இருப்போம்" என்றான்.