மாப்பிள்ளை சட்டையும் ஒன்றரை லிட்டர் ஆவியும்

எங்கள் வீட்டில் தேய்க்க வேண்டிய துணி என்று பார்த்தால், என்னுடைய மூன்று சட்டையும் மூன்று பேன்ட்டும்தான். நைனா மேலே துண்டு போட்டாலே அன்றைக்கு ஏதோ விசேஷம் என்று அர்த்தம். அம்மா புடவையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துவிடுவாள். காலையில் அதுவே தேய்த்த புடவை. இந்தக் குடும்பத்துக்கு நான் வாங்கி வந்த இஸ்திரி மிஷின், ஒரு லாட்ஜில் இருக்கிற அத்தனை போர்வையையும் தேய்க்கக்கூடியது. தப்பு முழுக்க என்னுடையதுதான். கடைக்காரர் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார்.

அப்போது வரதய்யபாளையம் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்திருந்தன. அதில் ஒன்றில் எனக்குக் கழுத்தில் அட்டை தொங்கும் வேலை கிடைத்திருந்தது. (அட்டையோடு தூங்கிய நாட்களும் உண்டு.) அக்கா மஞ்சுளா நாலு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டது அவள் உழைப்பில். அவள் ஊருக்கு வந்ததும் புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. போனில் சொன்னாள்: "டேய் குமாரு, வூட்டுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கி வை. சாதாரணமா இருந்தா போதும்."

'சாதாரணமா' என்கிற சொல் மட்டும் என் காதில் விழவில்லை. குவைத் வீட்டில் தொட்டி வைத்த ஸ்டீம் மிஷின் இருப்பதாக அவள் எப்போதோ சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அதை எந்தக் குரலில் சொன்னாள் என்பதை நான் யோசிக்கவில்லை. அங்கே அதில் தேய்த்துப் பழகியவளுக்கு இங்கே சாதாரணப் பெட்டியா? திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "இண்ட்லோ எந்தமந்தி சார்?" (வீட்டில் எத்தனை பேர் என்று தெலுங்கில் கேட்டார். அதைத் தமிழில் 'எந்த மந்தி' என்று புரிந்துகொண்டாலும், பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, நியாயமான கேள்விதான்.)

"பத்து பேர்" என்றேன், கூச்சமே இல்லாமல்.

அவர் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். நான் மேல் தட்டைக் காட்டினேன்.

"அது மூட்டை மூட்டையா துணி தேய்க்கறவங்களுக்கு சார். தொட்டி தனி, பெட்டி தனி, நடுவுல பைப்பு. ஒன்றரை லிட்டர் புடிக்கும், நிறுத்தாம ஆவி வரும். கரண்டு நல்லா இழுக்கும். உங்க ஊர்ல லோ வோல்டேஜ் உண்டா?"

"அதெல்லாம் இல்ல." (சாயங்காலம் எங்கள் தெரு டியூப் லைட்டுகள் கண் சிமிட்டும். எரியாது.)

"தண்ணி எப்படி? உப்புத் தண்ணி ஊத்தக்கூடாது, கேன் தண்ணிதான் ஊத்தணும். மாசம் ஒருவாட்டி தொட்டிய கழுவணும்."

"எங்க ஊர் தண்ணி இளநீர் மாதிரி சார்." (அந்த போர் தண்ணீரில் பருப்பு வேகாது.)

அவர் என்னை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு பில் போட்டார்.

வீட்டில் நைனா மிஷினைச் சுற்றி வந்து பைப்பைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாடா இது, பயிருக்கு மருந்தடிக்கற மிஷினா?"

அம்மா மூடியைத் திறந்தாள். "இதுல இட்லி வேவுமா?"

அறியாமையை மன்னித்தேன். மிஷினுக்குப் பொட்டு வைத்து, ஒரு மாதம் பயிற்சி எடுத்தேன். தலையணை உறை, கோணிப்பை, நைனாவின் கோவணம் எதையும் விடவில்லை. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும். பக்கத்து வீட்டு டிவி அணையும், கூடவே ஒரு கெட்ட வார்த்தை கேட்கும்.

அக்கா வந்தாள். கூடத்தின் நடுவில் மிஷினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஆனந்தக் கண்ணீருக்குக் காத்திருந்தேன்.

"ஒரு துணியப் போட்டு மூடுடா அத" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தூசி படக்கூடாது என்று எவ்வளவு அக்கறை! அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் புத்தூரிலிருந்து மாப்பிள்ளை பாபுவும் அவர் அம்மாவும் வந்தார்கள். அவர் பம்புசெட் மெக்கானிக். பஸ் கூட்டத்தில் நசுங்கி, வெள்ளைச் சட்டை கசக்கிப் போட்ட காகிதம்போல் ஆகியிருந்தது.

"கழட்டிக் குடுங்க மாமா, ரெண்டே நிமிஷம்" என்றேன். (சம்பந்தம் இன்னும் பேசவே இல்லை. நான் மாமாவுக்குப் போய்விட்டேன்.)

"பரவால்லப்பா" என்று காலரைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை. ஏறக்குறைய உரித்துத்தான் எடுத்தேன். நைனாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

மிஷின் உறுமியது. பட்டனை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. ஒரு மாத உப்பும் கறையும் கரைந்த குழம்பு அந்த வெள்ளைச் சட்டையின் மார்பில், சரியாக இதயம் இருக்கிற இடத்தில், கொட்டியது. அடுத்த நொடி ஃபியூஸ் போனது. ஃபேன் நின்றது. அந்த அமைதியில் காபித் தட்டோடு அக்கா வந்தாள்.

மாப்பிள்ளை போர்த்தியிருந்த துண்டைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கேன் தண்ணி ஊத்தினியா?"

"போர் தண்ணி..."

"தொட்டிய கழுவினியா?"

தலையாட்டினேன், எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

பிளக்கைப் பிடுங்கினாள். "எட்டி நில்லு, சூடா கீது." அம்மாவிடம் எலுமிச்சம்பழமும் உப்பும் வாங்கி, வாசலில் உட்கார்ந்து கறையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்குக் கோபம் ஏறியது.

"நாலு வருஷம் பன்னெண்டு பேரு துணிய இதுலதான்டா தேச்சிக்கினு நின்னேன்! தூக்கத்துல கூட புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் கேக்கும். ஊருக்குப் போனா இது மூஞ்சில முழிக்க வேணாம்னு வந்தா, நீ நடு வூட்ல பொட்டு வெச்சி ஒக்கார வெச்சிக்கிற!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் கொதித்தது, அதற்கு மிஷின் தேவைப்படவில்லை. மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பெண்ணுக்கு வாய் நீளம் என்று எழுந்து போய்விடுவார்கள், அக்கா கல்யாணத்தை நானே ஆவியாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை எழுந்தார். துண்டை இறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அக்கா முன்னால் குந்தினார்.

"சட்டைய இப்படிக் குடுங்க. நான் தொவைச்சிக்கறேன். நீங்க தேச்சது போதும்."

அக்கா முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையைக் கொடுத்தாள்.

"அவன் துணிய அவன்தான் தொவைச்சிப்பான்" என்றார் அவர் அம்மா, டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டே. "நீ வந்து ஒக்காரும்மா. காபி ஆறிக்கினு கீது."

கல்யாணம் நாராயணவனத்தில் நடந்தது. அக்கா குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மாமா வீட்டில் இன்றைக்கும் இஸ்திரி அவர் வேலைதான்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் அவர் சட்டையைக் கழற்ற மாட்டார். சித்திரை வெயிலில், கரண்ட் இல்லாத மத்தியானத்தில், எல்லோரும் வெறும் உடம்போடு விசிறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பார். அவர் மகள் ஒருநாள் தாங்காமல் கேட்டாள்:

"நைனா, கழட்டிட்டு காத்தாட ஒக்காரேன்."

மாமா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உங்க மாமன் ட்யூட்டிக்குக் கெளம்பட்டும்."