டேங்க் நிரப்பிய கம்ப்யூட்டர்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஏணிக்காரர் பல் தேய்க்கும்போது முடிவெடுத்தார். பொதுவாக அவருடைய முடிவுகளுக்கு வாய் கொப்பளிக்கும் வரைதான் ஆயுள். இது குளித்து முடித்த பிறகும் உயிரோடு இருந்தது. அவருக்கே ஆச்சரியம்.

விஷயம் பின்னறை. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருகிற ஒரே அறை அது. மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்க ஆர்டர் பிடித்திருந்தாள். தையல் மெஷினை ஜன்னலோரம் போட வேண்டும். ஜன்னலோரத்திலோ பதினைந்து வருஷமாக ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் குடியிருந்தது. பெட்டி உடம்பு, பச்சை எழுத்து. வெளிச்சம் பட்டால் எழுத்து தெரியாது என்று ஜன்னலுக்குத் தடித்த திரை வேறு போட்டிருந்தார்.

"வெளிச்சமே வேணாங்கிற சாமானுக்கு எதுக்குங்க ஜன்னல்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விக்கு அவர் என்றைக்குப் பதில் சொல்லியிருக்கிறார்? பார்க்கலாம் என்றார். மாசக் கடைசிக்குள் அறை காலியாகாவிட்டால் காயலாங்கடைக்காரரை வரச் சொல்லிவிடுவதாக அவள் சொன்னாள். அவள் சொன்னால் வண்டி வந்துவிடும்.

காயலாங்கடை என்ற பேச்சையே அவரால் தாங்க முடியவில்லை. குளிர்பானத் தொழிற்சாலையில் மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதுவதுதான் அவர் வேலை. அந்தப் புரோகிராமை ஏணி மாதிரி படி படியாக வரைவார்கள். ஏணிக்காரர் என்று பேர் வந்தது அதனால்தான். முதல் ஏணியை, பாட்டில் கழுவும் மெஷினுக்காக, இந்தக் கம்ப்யூட்டரில்தான் வரைந்தார். தொழிற்சாலை அதைக் கழித்துக் கட்டியபோது கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். சொந்தப் பிள்ளையைக்கூட அப்படி அணைத்துத் தூக்கியதில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

பாட்டில் கழுவும் மெஷின் என்றால் அவருக்கு இன்னொரு ஞாபகமும் வரும். அப்போது அவள் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தாள். இவர் தினம் ஒரு ஃப்யூஸ் கேட்டுப் போவார். மெஷினில் ஒன்றும் போயிருக்காது. ஒரு கட்டத்தில் அவர் மேஜை டிராயரில் நாற்பத்தொரு புது ஃப்யூஸ் சேர்ந்துவிட்டது. நாற்பத்திரண்டாவதை அவளே நேரில் கொண்டுவந்து கொடுத்தாள். சோப்புத் தண்ணீர் வாசனையும் பாட்டில்களின் சலசலப்புமாக இருந்த அந்த இடத்தில் அரைமணி நேரம் நின்று அவர் பேசியதைக் கேட்டாள். அதற்குமுன் அவரை யாரும் அரைமணி நேரம் கேட்டதில்லை. அன்றைக்கே ஆள் விழுந்துவிட்டார்.

சரி, திட்டத்துக்கு வருவோம். அந்தச் சனி ஞாயிறிலேயே பின்பக்கச் சுவரில் ஒரு பழைய கன்ட்ரோலரை மாட்டினார். மாடித் தொட்டியில் இரண்டு மிதவை. தண்ணீர் குறைந்தால் மோட்டர் தானாக ஓடும், நிரம்பினால் தானாக நிற்கும். கன்ட்ரோலரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல ஏறி, மேலே போனதும் டேங்க் ஃபுல் என்று மினுக்கியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இனிமே வீட்டுக்கே இதுதான் மூளை. இதை நகர்த்தினா குழாய்ல சொட்டுத் தண்ணி வராது."

"அப்படியா," என்றாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் ஏணிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் வாளி நிரம்பும்போது, தொட்டியை நிரப்பியது யார் என்று கேட்பார். உங்க கம்ப்யூட்டர்தான் என்று அவளும் சொல்வாள்.

நடுவில் அவள் மூன்று நாள் தங்கை வீட்டுக்குப் போய் வந்தாள். ஏணிக்காரர் தனிக்காட்டு ராஜாவாக இருந்தார். ராஜா காலையில் பாலைக் காய்ச்சி மூடி வைத்தார். ஈரத் துண்டைக் கொடியில் விரித்தார். இருட்டும் முன் ஜன்னல்களைச் சாத்தினார். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மாசக் கடைசி ஞாயிறு வந்தது. சாயங்காலம் அவள் டேப்போடு வந்து ஜன்னலோரத்தை அளந்தாள். மெஷின் இங்கேதான் வருகிறது என்றாள். தண்ணீருக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று அவர் பெரிய மனசோடு கேட்டார்.

அவள் மேஜைக்குப் பின்னால் குனிந்து ஒயரின் நுனியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அது எதிலும் செருகியில்லை. தரையில் புரளாமல் இருக்கத் தையல் நூலால் மேஜைக் காலோடு அழகாகக் கட்டியிருந்தாள்.

"நீங்க மாட்டின மறுநாளே கழட்டிட்டேன். பதிமூணு நாளா தண்ணி வருது."

திரையில் பச்சைக் கோடு வெட்கமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அது அவரே ஓட விட்டிருந்த வெறும் படம். தொட்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க. ஃப்யூஸ் கொண்டுவந்த அன்னிக்கு. புரோகிராமை எழுதி ஏத்துற வரைக்கும்தான் கம்ப்யூட்டர் வேணும். ஏத்திட்டா எடுத்துட்டுப் போயிடலாம், அந்த டப்பா அது பாட்டுக்கு ஓடும்னீங்க. நான் நம்பலைன்னதும் ஒயரைப் பிடுங்கியே காட்டினீங்க. ஒரு பாட்டில்கூட நிக்கல."

அந்த அரைமணி நேரம் அவள் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஏணிக்காரர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். பேச்சையும் கேட்டிருக்கிறாள். தோற்றுப்போனதைவிட அதில் அவருக்குச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

காயலாங்கடைக்காரர் வரப்போவதில்லை என்றும், மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டுத் துடைத்து வைத்திருப்பதாகவும், அங்கே வெளிச்சம் எட்டியும் பார்க்காது என்றும் அவள் சொன்னாள். கம்ப்யூட்டரை அவரே மடியிலேற்றாத குறையாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். அப்புறம் திரும்பி வந்து, காலியான ஜன்னலருகே நின்று கடைசியாக ஒரு வாதம் செய்து பார்த்தார்.

"இருந்தாலும் பக்கத்துல ஆளில்லாம ஓடுற சாமானை அவ்வளவு நம்பக் கூடாது."

"ஏன் நம்பக் கூடாது? மூணு நாள் நான் இங்க இல்ல. பால் பொங்கல, துண்டு காஞ்சிருந்துச்சு, ஜன்னல் நேரத்துக்குச் சாத்தியிருந்துச்சு. நான் எழுதி ஏத்தி இருபத்தெட்டு வருஷம் ஆச்சுங்க."

அதெல்லாம் இல்லை என்று சொல்ல ஏணிக்காரர் வாயெடுத்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்தியது.