மிஸ் டம்ளர்

பிள்ளைகளிடம் "ஏன்?" என்று கேட்கக் கூடாது. கேட்டே தீருவேன் என்றால், கையில் மைக் இருக்கக் கூடாது. டீச்சர் டிரெயினிங்கில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே சொன்னதெல்லாம் நேர் எதிர். சாமான்களைப் பிள்ளையே வகை பிரிக்கட்டும், காரணம் கேளுங்கள், உடனே பாராட்டுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நர்சரிப் பள்ளிகளுக்கெல்லாம் 'ஆக்டிவிட்டி' ஜுரம் பிடித்திருந்தது. நான் பொழிச்சலூரில் யு.கே.ஜி. மிஸ். அதுவும் டெம்பரரி. கீழே பள்ளி, மாடியில் கரஸ்பாண்டென்ட் மேடத்தின் வீடு. மேடத்தின் பேத்தி வர்ஷினி என் வகுப்புதான். பள்ளி விட்டதும் மாடிக்குப் போய் அவளுக்கு டியூஷன் எடுப்பேன். (சம்பளமா? காபி தருவார்கள்.)

அப்பாவின் கம்பெனியை அப்போதுதான் இழுத்து மூடியிருந்தார்கள். தாம்பரத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது என் வேலையை நம்பித்தான் இருந்தது. "பேரன்ட்ஸ் டே அன்னிக்கு டெமோ கிளாஸ் நல்லா பண்ணுங்க. அன்னிக்கே பெர்மனென்ட் ஆர்டர்" என்றார் மேடம்.

மற்ற மிஸ்கள் பிளாஸ்டிக் பழம், பிளாஸ்டிக் காய் என்று பத்திரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்குத்தான் மண்டைக்கனம். வீட்டில் தினமும் புழங்கும் சாமானைக் கொடுத்தனுப்புங்கள் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

பேரன்ட்ஸ் டே அன்று முதலில் கார்த்திக் வந்தான். கரண்டி, ஸ்கேல், ஹேங்கர் மூன்றையும் ஒரு பக்கம் வைத்தான். சோப்பு டப்பாவை மறுபக்கம் வைத்தான்.

"ஏன் கண்ணா?" மைக்கை நீட்டினேன்.

"இதெல்லாம் அம்மா அடிக்கிறது. இது அடிக்காதது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது: "இன்னாடா பேசிக்கினு கீற? வூட்டுக்கு வா, அந்த டப்பாவும் இந்தப் பக்கம் வந்துடும்!"

முன் வரிசையில் மேடமே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆர்டர் கைக்கு வந்துவிட்டது போலிருந்தது எனக்கு. அந்தத் தெம்பில் வர்ஷினியைக் கூப்பிட்டேன்.

அவள் பையில் நான்கு எவர்சில்வர் டம்ளர்கள். நான்கும் ஒரே அச்சு. ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். மூன்றை மேஜைமேல் அடுக்கினாள். அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்திருந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போய், மேஜைக்குக் கீழே தரையில் வைத்தாள்.

"அதை மட்டும் ஏன்டா தனியா வெச்சே? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு!"

"இது மிஸ் டம்ளர். மிஸ்ஸுக்கும் வேலைக்கார அக்காவுக்கும் மட்டும்தான். சமையல் ரூமுக்குள்ள வரக் கூடாது. மத்த டம்ளரோட சேத்தா பாட்டி திட்டுவாங்க."

"வெரி குட்! எல்லாரும் வர்ஷினிக்குக் கை தட்டுங்க!" என்றேன் நான்.

ஆமாம், நானேதான். டிரெயினிங் அப்படி. வாய் பாராட்டிவிட்டது, கை தட்டிவிட்டது, மூளை மட்டும் பின்னால் நடந்து வந்து சேர்ந்தது. பெற்றோர்களில் பாதிப் பேர் தட்டினார்கள். மீதிப் பேர் என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது: வேலைக்கான இன்டர்வியூவில் மேடம் படிப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பிறகு, "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று விசாரித்தார். அக்கறையாக்கும் என்று நானும் தெருப் பெயரைச் சொல்லி வைத்தேன். அட மக்கே!

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. "மேடம் வீட்ல எனக்குன்னே ஸ்பெஷலா ஒரு டம்ளர், பொட்டெல்லாம் வெச்சு!" என்று வீட்டில் மாசக்கணக்காகப் பீற்றியிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் மேடம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். "சின்னப் பசங்க எதையாவது உளறும். தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாம் ஒரு ஹைஜீனுக்குத்தான்" என்றபடி பெர்மனென்ட் ஆர்டரை என் பக்கம் தள்ளினார். காபியும் வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில். எனக்குப் புத்தம் புதுப் பேப்பர் கப்பில்.

ஆர்டரை அவர் மூஞ்சியில் கிழித்துப் போட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கையெழுத்துப் போட்டேன். காபியையும் குடித்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டியபோது முதலில் சிரித்தவன் தம்பிதான். "தனக்கே தாளம் போட்டுக்கிட்டு வந்திருக்கா பாரு!" என்றான். அப்புறம் நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய? இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும் அவன் எழுந்து நின்று, "வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க!" என்று என்னைப் போலவே நடித்துக் காட்டுவான். என் மகள் உருண்டு புரண்டு சிரிப்பாள். அம்மா மட்டும் அந்த நேரம் பார்த்து ஏதோ வேலையாக எழுந்து உள்ளே போய்விடுவாள்.