மாமியின் கறித்தூளில் கற்ற பாடங்கள்

மனிதரில் பாடம் கற்கும் ரகம் என்று ஒன்று உண்டு. உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். வீடு எரியட்டும், தோணி கவிழட்டும், பேசி முடித்த கலியாணம் குழம்பட்டும், புகையும் அழுகையும் அடங்குவதற்கு முன்பே ஓர் ஓரமாக நின்று, கண்ணைச் சற்றே சுருக்கி, தலையை மெல்ல ஆட்டி, "இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்னவென்றால்" என்று தொடங்கிவிடுவார். எரிந்தது யாருடைய வீடு? நிச்சயமாக அவருடையது அல்ல. இவர்களை அடையாளம் காண இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நட்டம் ஒரு வாசலில் இறங்கும். பாடம் அடுத்த வாசலில் ஏறும்.

நாவற்குடா விமலரெத்தினம் இந்த ரகத்தில் முதல் தரம்.

கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் அவன் வடிவமைப்புப் படித்தான். ஊரில் அது என்ன படிப்பென்று யாருக்கும் விளங்கவில்லை. "வீடு கட்டிறதா தம்பி?" என்று கேட்டவர்களிடம் அவன் புன்னகைத்தான். அந்தப் புன்னகைக்கே இரண்டு வருடம் படித்திருப்பான் போலிருந்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கடைசியில், இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் யாருடைய வழிகாட்டலும் இல்லாமல், தாமே ஒரு பொருளைத் தெரிந்து, அதற்குப் பொதி செய்து, சந்தைக்கு அனுப்பி, கற்ற பாடங்களை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று கல்லூரி சொன்னது. வழிகாட்டல் இல்லாமல் என்றதும் விமலரெத்தினத்துக்குப் பரம சந்தோஷம். கறுப்பு மட்டைத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு, கழுத்தில் ஒரு கமராவையும் மாட்டிக்கொண்டு ஊருக்கு வந்து இறங்கினான்.

அவன் கண் பட்டது அன்னப்பூரணி மாமியின் கறித்தூளில்.

அன்னப்பூரணி அவனுடைய தாய்மாமன் இளையதம்பியின் மனைவி. மட்டக்களப்பு வாவிக்கு மீன்பிடிக்கப் போன இளையதம்பி திரும்பி வராத வருடத்திலிருந்து அவள் கறித்தூள் செய்து விற்றுத்தான் சீவித்தாள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் பக்குவமாய் வறுத்து இடித்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பொலித்தீன் பைகளில் போட்டு, வாயை நூலால் கட்டி, காத்தான்குடியில் முகைதீன்பாவாவின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தமிழரும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்ட கெட்ட வருடங்களுக்குப் பிறகு நாவற்குடாவுக்கும் காத்தான்குடிக்கும் இடையே ஆள் போக்குவரத்து நன்றாகக் குறைந்திருந்தது. மாமியின் தூள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வழியில் சோதனைச்சாவடி. அங்கே நிற்கும் ஆமிக்காரன் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான், ஒருதரம் அமுக்கிப் பார்ப்பான், ஒரு தும்மல் போடுவான், போகச் சொல்வான்.

விமலரெத்தினம் அந்தப் பையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான்.

"மாமி, என்ன இது?"

"தூள், மருமகன்."

"தூளைக் கேக்கல்ல. இந்தப் பையைக் கேக்கிறன்."

"அது பை."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். "உள்ளுக்க இரிக்கிறது அப்பிடியே தெரியிது, மாமி. வாங்கிற ஆளுக்கு ஒரு ஏக்கம் வரோணும். திறந்து பாக்கோணும் எண்டு மனசு துடிக்கோணும்."

"கறித்தூளுக்கா?" என்று கேட்டாள் மாமி. கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

பிறகு ஆய்வு நடந்தது. எப்படி நடந்தது என்கிறீர்களா? வாங்குபவருக்கு என்ன தேவை என்று தன்னைத்தானே கேட்டான், தானே பதில் சொன்னான், அந்தப் பதிலின் ஆழத்தைக் கண்டு தானே வியந்துகொண்டான். காத்தான்குடிக்குப் போய் முகைதீன்பாவாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சோதனைச்சாவடி வழியாக ஒருதரம் மாமியோடு போய் வந்திருக்கலாம். இரண்டுக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஆய்வுக்கோ சாய்வு நாற்காலி போதும்.

பிறந்த பொதி இப்படி இருந்தது: ஒரு சாண் நீளக் குழாய். முழுக் கறுப்பு, ஏனென்றால் கறுப்புத்தான் உயர்தரம். எழுத்து ஒன்றும் கிடையாது, ஏனென்றால் சொல்லாமல் விடுவதுதான் அழகு. மூடி எங்கே என்று வெளியே தெரியாது. விளிம்பில் ஒரு சிவப்பு நூல் மட்டும் தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் குழாய் திறக்கும். யுத்தம் நடக்கும் நாட்டில், கறுப்புக் குழாய், சிவப்பு நூல், இழுத்தால் திறக்கும். இதற்கு மேல் நாம் ஏதாவது சொல்ல வேண்டுமா?

மாமிக்கு மனம் ஒப்பவில்லை. நோன்பு தொடங்கப் போகிறது. முகைதீன்பாவா வருடத்திலேயே பெரிய ஓடரைக் கொடுத்திருந்தார். மழைக்கு முன்பே செத்தல் காயவைத்து அவள் பாடுபட்டிருந்தாள்.

"கொஞ்சத்த இதுக்குள்ள போட்டுப் பாப்பம், மருமகன். மத்தத வழமையாப் பையில குடுப்பம்."

"அரைகுறையாச் செய்தா பாடம் வராது, மாமி."

விமலரெத்தினத்தின் தாய் வந்து, புள்ளையின் படிப்பு என்று ஒரு சொல் சொன்னாள். புருசனின் அக்கா கேட்டபின் மறுத்துப் பேச மாமிக்கு வராது. தூள் முழுவதும் கறுப்புக் குழாய்களுக்குள் போயிற்று. நல்ல பெரிய அட்டைப்பெட்டி ஒன்றில் குழாய்களை நிமிர்த்தி அடுக்கி, சிவப்பு நூல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அவனே ஒழுங்கு செய்தான். அந்த அழகைப் பார்க்க அவனுக்குக் கண் கலங்கியது.

மழை விட்ட ஒரு காலையில், கனகசிங்கத்தின் ஓட்டோவில் மாமி புறப்பட்டாள். பொதியின் பயணத்தைப் படம் பிடிக்க வேண்டுமென்று விமலரெத்தினம் கமராவோடு சைக்கிளில் பின்னால் வந்தான்.

சாவடியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்தான். திறந்தவன் அசையவில்லை. பிறகு மெதுவாக, மிக மெதுவாகப் பின்வாங்கி, மணல்மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சத்தம் போட்டான். வரிசையில் நின்றவர்கள் சைக்கிளையும் சாமானையும் போட்டுவிட்டு ஓடினார்கள். கனகசிங்கத்தைத் தலைக்கு மேல் கைகளை வைத்துத் தெருவில் முழங்காலில் இருத்தினார்கள். மாமி "தூள், தூள்" என்றாள். குண்டுக்குள் இருப்பதும் தூள்தானே; அந்த நேரத்தில் அவள் சொல்லியிருக்கக்கூடிய சொற்களில் அதைவிட மோசமானது இல்லை.

விமலரெத்தினம் இதைத் தூரத்திலேயே கண்டான். கழுத்தில் கமரா கல்லைப்போலக் கனத்தது. சைக்கிளைத் திருப்பினான். பயந்தது குற்றமா? இல்லை. கழுத்தில் கமராவோடு அந்த இடத்துக்குப் போயிருந்தால் அவனும் தெருவில்தான் இருந்திருப்பான்; மாமிக்கும் அதனால் ஒரு நன்மையும் இராது. அந்த நாட்களில் திரும்பி ஓடாதவர்கள் யார்? ஆனால் ஓடியவர்கள் அதை ஓட்டம் என்றுதான் சொன்னார்கள். விமலரெத்தினம் மட்டும் அதற்கு 'விலகி நின்று அவதானித்தல்' என்று பெயர் வைத்தான்.

ஒரு குழாயை எடுத்துத் திறந்து காட்டும்படி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கட்டளை வந்தது. மாமி சிவப்பு நூலைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்து கையோடு வந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அறுந்தது. தூரத்திலிருந்து ஒரு கத்தியை எறிந்து வெட்டச் சொன்னார்கள். அவள் ஈரத் தெருவில் குந்தி இருந்து ஒன்றை வெட்டினாள். கடற்பக்கமிருந்து வந்த வாடைக்காற்று தூளை அப்படியே அள்ளி அவள் முகத்தில் அடித்தது. எல்லாவற்றையும் வெட்டு என்றார்கள். எல்லாவற்றையும் வெட்டினாள். கண் திறக்க முடியாமல், கையால் தடவித் தடவி வெட்டினாள். சாவடி முழுக்கத் தும்மியது. துப்பாக்கி பிடித்தவனும் தும்மினான், முழங்காலில் இருந்த கனகசிங்கமும் தும்மினான். சிரிப்பு வருகிறதா? வரட்டும். அங்கே இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மாமியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, அவளைத் தகரக் கொட்டில் ஒன்றில் இருத்தி வைத்தார்கள். யாரோ போய்ச் சொல்ல, பின்னேரம் போல முகைதீன்பாவா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நோன்புக்கு முந்தின நாட்களில் கடையைப் பூட்டுகிற வியாபாரியை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். இந்த மனிசி எனக்குத் தூள் தாறவ, எத்தனையோ வருசமாய்த் தெரியும், நான் பொறுப்பு என்று நின்ற நிலையில் பேசினார். அட்டையையும் ஆளையும், கனகசிங்கத்தையும் விட்டார்கள். ஓட்டோவைப் பிறகு வந்து எடுக்கச் சொன்னார்கள்.

அவர் தெருவில் கிடந்த ஒரு கறுப்புக் குழாயைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"இது என்ன புள்ள, இதுக்குள்ளயா போட்டு வந்த நீங்க?"

"மருமகன் செய்த," என்றாள் மாமி.

மாமி கிணற்றடியில் கண் கழுவிக்கொண்டிருக்கும்போது விமலரெத்தினம் வந்து சேர்ந்தான். முகத்தில் உண்மையாகவே கவலை இருந்தது. கையில் பேனையும் இருந்தது.

"மாமி, ஒண்டு கேக்கட்டா? நூல் அறுந்ததாமே, அந்த நேரம் உங்களுக்கு என்ன மாதிரி இரிந்த?"

மாமி வாளியைக் கீழே வைத்தாள். சிவந்து வீங்கிய கண்களைத் திறந்து அவனைப் பார்க்க முயன்றாள்.

"எரிஞ்ச, மருமகன்," என்றாள்.

அவன் எழுதிக்கொண்டான்: 'பயன்படுத்துபவர் பொதியோடு உணர்வுபூர்வமாக ஒன்றினார்.'

கொழும்பில் அவனுடைய அறிக்கையைக் கேட்டு ஆசிரியர்கள் நெகிழ்ந்தார்கள். தோல்வியைத் தழுவக் கற்றேன் என்றான். என்னை நானே கேள்வி கேட்கக் கற்றேன் என்றான். நூலின் தடிப்பு முக்கியம் என்று கற்றேன் என்றான். தன் தோல்வியை இவ்வளவு துணிவாகச் சொல்லும் பிள்ளையை அவர்கள் கண்டதில்லையாம். அந்த ஆண்டின் முதற்பரிசு அவனுக்கு.

அதன் பிறகு விமலரெத்தினம் அந்தத் தோல்வியை விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் கொண்டு போனான். முதல் வருடம் அந்தக் கதையில் 'என் மாமி' இருந்தாள். அடுத்த வருடம் அவள் 'ஓர் உள்ளூர் உற்பத்தியாளர்' ஆனாள். பிறகு 'ஒரு பயனாளி'. பிறகு வெறுமனே 'களத்தில் எதிர்ப்பட்ட ஒரு சவால்'. மாமி தேயத் தேயப் பாடங்கள் கொழுத்தன.

பிறகு யுத்தம் செய்த இரு பக்கமும் சமாதானம் பேசுகிறோம் என்று பாதைகளைத் திறந்தார்கள். மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனம், கைத்தொழில் செய்யும் பெண்களுக்குப் பொதியிடல் பயிற்சி என்று ஒரு மண்டபத்தை எடுத்தது. பயிற்சி நடத்தும் வளவாளர்: கொழும்பிலிருந்து திரு. விமலரெத்தினம். பழுகாமத்திலிருந்தும் கரடியனாற்றிலிருந்தும் வாவி கடந்து பெண்கள் வந்திருந்தார்கள். புருசன் இல்லாத பெண்கள் என்ற கணக்கில் நாவற்குடாவிலிருந்து அன்னப்பூரணி மாமியையும் ஒரு வான் வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அவன் மாமியைக் கண்டான். ஒரு கணம் தடுமாறினான். ஆனால் பழகிய நாக்கு தானாக ஓடியது. கறுப்புக் குழாய், சோதனைச்சாவடி, அறுந்த நூல், தழுவிய தோல்வி எல்லாம் வழக்கமான இடங்களில் வழக்கமான இடைவெளிகளோடு வந்தன. திரையில் படங்கள் மாறின. முடிவில் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றான்.

பழுகாமத்துக் கண்ணகை எழும்பினாள். பன் புல்லில் பாயும் பெட்டியும் இழைக்கிற பெண். மாமியை அவளுக்கு முன்பின் தெரியாது.

"சேர், அந்தப் பொம்பிளைக்கு மறுகா என்ன நடந்த?"

விமலரெத்தினம் குறிப்புகளைப் பார்த்தான். இத்தனை வருடத்தில், இத்தனை கூட்டத்தில், இதை யாரும் கேட்டதில்லை. மாமி இருந்த பக்கம் அவன் கண் போனது. போன வேகத்தில் திரும்பியது.

"நல்ல கேள்வி," என்றான். "ஆனா அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை."

கண்ணகை உட்காரவில்லை. அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, மாமி சொன்னாள்.

"அவ இரிக்கா, புள்ள. இப்ப தூள் இடிக்கிறல்ல. அந்தச் சாவடியில பேர எழுதி வெச்சிற்றாங்க. போற நேரமெல்லாம் இறக்கி, கொட்டி, கிளறிப் பாத்தா யாவாரம் செய்யேலுமா? நோம்போட ஓடரும் வேற ஆளுக்குப் போன. இப்ப இடியப்பம் அவிச்சிக் குடுக்கிறா. ஒரு கண் கொஞ்சம் மங்கல். மத்தப்படி சுகமா இரிக்கா."

மண்டபத்திலிருந்த பெண்கள் எல்லாரும் மாமியின் பக்கம் திரும்பினார்கள். கதிரைகள் கிறீச்சிட்டன. யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். யாரோ "எந்தக் கண்?" என்று கேட்டார்கள். கண்ணகை வரிசையைத் தாண்டி வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். மேடைக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகளும் கொண்டைகளும்தான்.

அந்த முதுகுகளைப் பார்த்து விமலரெத்தினம் அடுத்த படத்தைத் திரையில் போட்டான். 'பாடம் ஏழு: மக்களுக்குச் செவிகொடுத்தல்.'

இப்போது உங்களிடம் வருவோம். இவ்வளவு நேரமும் விமலரெத்தினத்தை மனதுக்குள் நன்றாகவே வைதிருப்பீர்கள். அவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மாமி ஈரத் தெருவில் குந்தியிருந்து கண் தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்த இடத்தை வாசிக்கும்போது, "அடடா, இதில் நல்லதொரு கருத்து இருக்கிறதே, எங்காவது சொல்லலாமே" என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றவில்லை என்றால் சந்தோஷம். தோன்றியிருந்தால் வெட்கப்படாதீர்கள், அடுத்த பயிற்சிக்கு அழைப்பு வந்தால் மறுக்காமல் போங்கள். அந்த மேடையில் இன்னொரு கதிரை போட இடம் இருக்கிறது.